ஒப்ராத்தின் கொல்லையில் நின்றவன்

கனடாவில் பெரிய ஏரி ஒன்றின் கரையில், புகைபோக்கிகள் ஓயாமல் கக்கியதில் வானமே துருப்பிடித்தது போலிருந்த ஓர் எஃகு ஊரில், ராதோயே என்றொரு செர்பியன் இருந்தான். அவன் ஊதுலையின் வாயருகே வேலை செய்தான். மற்றவர்கள் மாற்றி மாற்றி நின்று மூச்சுவாங்கிய அந்த இடத்தில் அவன் மட்டும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் நின்றான், ஏனென்றால் ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் அவன் எலும்புக்குள் ஏறிய குளிர் போர் முடிந்தும் இறங்கவில்லை, கடலைத் தாண்டியும் இறங்கவில்லை, உருகிய இரும்பின் எதிரே நின்றும் இறங்கவில்லை.

அவன் பிறந்தது, உதிர்ந்த ப்ளம் பழங்களைத் தின்று பன்றிகள் போதையில் உறங்கும் ஒரு மலைச்சரிவில். போர் வந்த வசந்தத்தில் அவனையும் தம்பி மிலூனையும் ஒரே காலையில் படைக்கு அழைத்தார்கள், சில நாட்களுக்குள் ஒரே சாலையில் வைத்துப் பிடித்தார்கள், மாடு ஏற்றும் ரயில்பெட்டியில் ஒரே மூலையில் நிற்கவைத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் அண்ணன் தோளில் தலைசாய்த்துத் தூங்கியபடியே வந்த மிலூனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அம்மா வழியனுப்பும்போது சொன்னது ராதோயேயிடம்தான்: இவனைப் பார்த்துக்கொள்.

முகாமில் இரண்டாவது குளிர்காலத்தில் சமையற்கட்டுக் கிடங்கிலிருந்து உருளைக்கிழங்கு காணாமல் போனது. காவலர்கள் ஒரு கொட்டகை முழுவதையும் பனியில் வரிசையாக நிறுத்தி, திருடியவன் யார் என்று தெரியும்வரை எவனுக்கும் ரொட்டி கிடையாது என்றார்கள். அப்போது ஒப்ராத் என்ற கைதி, அவர்களோடு ஒரே வைக்கோலில் படுத்து ஒரே பேனுக்கு இரத்தம் கொடுத்த செர்பியன், வரிசையிலிருந்து கையை உயர்த்தி மிலூனைக் காட்டினான். மிலூனுக்கு ஜெர்மன் தெரியாது. என்ன நடக்கிறதென்று அவனுக்குப் புரியும் முன்பே பூட்சையும் மேல்கோட்டையும் உருவிவிட்டு அவனை முற்றத்தின் நடுவே நிற்கவைத்தார்கள். மற்றவர்களைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவை அடைத்தார்கள். பகல் முழுவதும் பனி பெய்தது, பகல் முழுவதும் அவன் நின்றான். சாயங்காலம் எண்ணிக்கை எடுக்க வெளியே வந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தான், ஆனால் இறந்திருந்தான். காவலர் இருவர் அவனைக் கம்பத்தைச் சாய்ப்பதுபோல் சாய்த்து, தலைப்பக்கம் ஒருவனும் கால்பக்கம் ஒருவனுமாகத் தூக்கிப்போனார்கள். தலையை நான் பிடித்துக்கொள்கிறேன், அவன் என் தம்பி என்று ராதோயே கேட்டதற்குத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஒன்று விழுந்தது. அன்றிரவு ரொட்டி இன்னும் வராத கொட்டகையில், எல்லோருடைய வாயும் சும்மா இருந்தபோது, ஒப்ராத்தின் தாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்ததை ராதோயே பார்த்தான். மறுவாரமே ஒப்ராத்தை வேறொரு வேலைக் கும்பலோடு எங்கோ அனுப்பிவிட்டார்கள்.

போர் முடிந்தது. மன்னரின் படையில் இருந்தவனுக்கு ஊரில் மன்னரை நீக்கிவிட்டு வந்த புதிய அரசாங்கம் என்ன வைத்திருக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அம்மாவின் முகத்தில் விழிக்கவும் அவனால் முடியாது. எனவே அவன் அகதிகளின் கப்பலில் ஏறி, துருப்பிடித்த வானத்துக்குக் கீழே வந்து இறங்கினான். செர்பியர்கள் கட்டிய சின்னத் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களிடம் எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்றான். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை; அந்த ஊரில் முகாமிலிருந்து வந்தவர்களிடம் கேள்வி கேட்பதில்லை.

பல வருடம் கழித்து ஒப்ராத்தே அந்த ஊருக்கு வந்தான். வேறு நகரத்தில் சம்பாதித்த பணத்தோடும், ரூஷா என்ற அமைதியான மனைவியோடும் வந்து, பிரதான வீதியில் கசாப்புக் கடை திறந்தான். புகையிட்ட பன்றித் தொடையை ஏழைகளுக்குச் சும்மா கொடுத்தான். தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தான். அடுத்த வருடமே அவனைத் தேவாலயக் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். அவன் உடம்பு பெருத்திருந்தது, முடி கொட்டியிருந்தது, ஆனால் அவன் காணிக்கைத் தட்டை நீட்டியபோது ராதோயே அவன் தாடையைப் பார்த்தான், அது எதையோ மெல்வதுபோல் அசைந்தது, அவ்வளவு போதுமாக இருந்தது.

ராதோயே பாதிரியார் காவ்ரிலோவிடம் போய்ச் சொன்னான். காவ்ரிலோ நல்ல மனிதர், ஆனால் மணி வந்த சந்தோஷத்தில் இருந்தவர். சாட்சி யார் என்று கேட்டார், பசியில் மனிதன் என்னென்னவோ பார்ப்பான் என்றார், கடைசியில் ஜெபம் செய் என்றார். ஆலையில் கூட வேலை செய்த செர்பியர்களிடம் சொன்னான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அங்கே நாம் எல்லோரும் எதையாவது தின்றுதானே உயிரோடு வந்தோம் என்று ஒருவன் சொன்னான். ராதோயே அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கசாப்புக் கத்தி ஒன்றை வாங்கித் தீட்டி, அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பார்த்தான். கத்தி ஒரு நிமிட வேலை, மிலூன் ஒரு பகல் முழுவதும் நின்றான், கணக்கு நேராகவில்லை என்று அதை அப்படியே விட்டுவிட்டான்.

செர்பியரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவருடைய நாளில் வீட்டுக் கதவைத் திறந்துவைப்பார்கள். யாரையும் அழைப்பதில்லை, வந்த யாரையும் திருப்பி அனுப்புவதுமில்லை. கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை வீட்டுக்காரன் உட்காரக்கூடாது. ராதோயேயின் குடும்பத்துக்குப் புனித நிக்கோலாஸ், அவர் டிசம்பரில் வருகிறவர். அந்த வருடம் அவன் மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களுக்காகக் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, குழுத் தலைவன் என்ற முறையில் எல்லா வீட்டுக்கும் போய்வருகிற ஒப்ராத், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பனியை உதறியபடி உள்ளே வந்தான்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ராதோயே கிண்ணத்தை அவன்முன் நீட்டினான். ஒப்ராத் ஒரு கரண்டி கோதுமையை எடுத்து வாயில் போட்டு, வழக்கப்படி, இறந்தவர்களைக் கடவுள் மன்னிக்கட்டும் என்றான்.

"நீ யாருக்காகச் சாப்பிடுறேன்னு தெரியுமா? மிலூனுக்காக," என்றான் ராதோயே.

ஒப்ராத் மென்று விழுங்கினான். "எந்த மிலூன்?" என்று கேட்டான்.

அவன் கண்களில் திகைப்பு இல்லை, பயம் இல்லை, பேருந்து எண்ணைக் கேட்பவனின் முகம் இருந்தது. ராதோயே கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திறந்திருந்த வாசலுக்குப் போய், மலைச்சரிவில் விளையாடும் தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், வெளியே பெய்யும் பனியைப் பார்த்து, "மிலூன், எந்த மிலூன்னு கேக்குறான். போய்க் காட்டு," என்றான். பிறகு திரும்பி வந்து எல்லோருக்கும் ப்ளம் சாராயம் ஊற்றினான்.

மறுநாள் காலையில் ரூஷா கோழிக்குத் தீனி போடக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, தக்காளிப் பாத்திக்கு அப்பால், வேலியோரத்தில், ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். மேல்கோட்டு இல்லை, காலில் பூட்ஸ் இல்லை, முழுக்கப் பனிக்கட்டி. மீசை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவன் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிர்காலம் முழுவதும் ஊர் அதை யாரோ செய்த சிற்பம் என்று சொல்லிக்கொண்டது. மார்ச்சில் பனி உருகியது, ஏப்ரலில் ஏரிமேல் உறைந்த பனிப்பாளம் உடைந்தது, மே மாதம் ரூஷாவின் ஆப்பிள் மரம் பூத்து இதழ்கள் அவன் தோளில் விழுந்தன, அவன் உருகவில்லை. ஊருக்கு வேறு வழியில்லாமல் நம்ப வேண்டியதாயிற்று, நம்பிய பிறகு பழகிவிட்டது. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்து, அனுமதியில்லாத கட்டுமானம் என்று சொல்லி, கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டுமானம் இல்லை என்று திருத்திக்கொண்டு போனார். ஜூலை வெக்கையில் ஊதுலை வேலை முடித்து வந்தவர்கள் வேலி தாண்டி வந்து அவன் முதுகில் கன்னத்தை வைத்து நின்றார்கள். இத்தாலியப் பெண்கள் வெண்ணெய்ப் பாத்திரத்தை அவன் காலடியில் வைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துப்போனார்கள். காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிவந்து அதன் நெற்றியை அவன் கையில் ஒற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. தேவாலயக் குழுவில், அவன் ஞானஸ்நானம் பெற்றவனா, பெற்றிருந்தால் இறந்தவர்களின் சனிக்கிழமையில் அவனுக்குத் தூபம் காட்டுவது எப்படி, நிற்கிறவனை இறந்தவன் என்று கொள்ளலாமா என்று வெகுநேரம் வாதாடினார்கள். காவ்ரிலோ ஒருநாள் தூபக்கலசத்தோடு வந்து, அவன் பெயரைச் சொல்லாமல், இவன் என்று மட்டும் சொல்லி ஜெபித்தார். புகை அவனருகே போனதும் உறைந்து தரையில் மணிமணியாக உதிர்ந்தது.

ஒப்ராத் மட்டும் பழகவில்லை. பனிக்கட்டி மனிதனைக் கடப்பாரையால் உடைத்தான், மறுநாள் அவன் முழுசாக, தக்காளிப் பாத்திக்கு இந்தப் பக்கம் நின்றான். ஆட்களை வைத்து லாரியில் ஏற்றி ஏரியில் தள்ளினான். மறுநாள் ஆப்பிள் மரத்தடியில் நின்றான். ஆலையிலிருந்து இரும்பு வெட்டும் தீக்குழாய் கொண்டுவந்து முகத்தில் பிடித்தான். தீ நீலமாகி அணைந்தது, மறுநாள் அவன் ஜன்னலுக்கு வெளியே, மூக்கு கண்ணாடியில் படும்படி நின்றான். ரூஷா போட்ட திரை விறைத்துத் தகரம்போல் ஆனது. ஒப்ராத்தின் சூப் கிண்ணத்தில் ஆடை கட்டுவதுபோல் பனி கட்டியது. அவன் ஆகஸ்டு மாதத்தில் கம்பளிக்குள் நடுங்கினான், மெலிந்தான், ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் இவனை எனக்குத் தெரியாது என்றே சொன்னான்.

ராதோயே தினமும் ஆலைவிட்டு வந்து, முகம் கழுவி, தலைவாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அந்த வீட்டுக் கொல்லையும் சமையலறை ஜன்னலும் தெரியும் எதிர் நடைபாதையில் போய் நின்றான். தம்பியின் முகத்தை ஒருமுறை பார்ப்பான். ஜன்னலுக்குள் ஒப்ராத் நடுங்குவதை வெகுநேரம் பார்ப்பான். பிறகு வீட்டுக்குப் போய், கடலைத் தாண்டி வந்த பிறகு முதன்முறையாக, பசித்துச் சாப்பிட்டான். அவன் கன்னத்தில் சதை பிடித்தது. ஊதுலையில் அவன் கம்பளிச் சட்டையைக் கழற்றினான். சக தொழிலாளிகள் அவன் தோளில் தட்டி, காதலியா என்று கேலி செய்தார்கள், ஆமாம் என்றான்.

ஒரு மதியம் ரூஷா அவன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு? அவர் சாகணுமா?"

"செத்தா எனக்கு என்ன லாபம்? கோயில்ல எல்லாருக்கும் முன்னாடி, தன் வாயால சொல்லணும்."

கல்யாணமான புதிதில் ஒப்ராத் தன்னிடம் ஒரு கதை சொன்னதாக ரூஷா சொன்னாள்: முகாமில் யாரோ ஒருவன், உருளைக்கிழங்கைத் திருடிவிட்டு ஒரு பையனைக் காட்டிக்கொடுத்தானாம். அதைச் சொல்லிவிட்டு ஒப்ராத் அழுதான். இவ்வளவு இளகிய மனசா என்றுதான் அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

"அந்த யாரோ ஒருத்தன் யாருன்னு நான் கேக்கவே இல்ல," என்றாள். "இன்னைக்குப் போய்க் கேக்கிறேன்."

அவள் என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூஷா அடுப்பு மூட்டப் போனபோது பனிக்கட்டி மனிதன் வீட்டுக்குள், சமையலறையில், ஒப்ராத் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். அவள் கணவனை எழுப்பி, கோட்டு மாட்டிவிட்டு, கையைப் பிடித்து எல்லோரும் பார்க்கத் தேவாலயத்துக்கு நடத்திக் கூட்டிவந்தாள்.

பூசை முடிந்ததும் ஒப்ராத் முன்னால் வந்து நின்றான். முதலில், அந்தக் காலம் அப்படி, எல்லோருக்கும் பசி என்று ஆரம்பித்தான். அவன் வாயிலிருந்து வந்த மூச்சு வெண்மையாக உறைந்து கீழே விழுந்து உடைந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு நேராகச் சொன்னான்.

"கிழங்கு என் வைக்கோலுக்கு அடியில இருந்துது. எடுத்தது நான். தேடினா கண்டுபிடிச்சிருவாங்கன்னு கையத் தூக்கினேன். மிலூன்மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சின்னப் பையன், அவனுக்கு அவங்க பேச்சு தெரியாது, எதிர்த்துப் பேசமாட்டான், அதான் அவனக் காட்டினேன். அன்னைக்கு ராத்திரி ஒரு கிழங்கத் தின்னேன். தோலோட."

காவ்ரிலோ அழுதார். அவர் தன் அங்கியின் பட்டையை ஒப்ராத்தின் தலையில் போட்டு மன்னிப்பு ஜெபம் சொன்னார். மணியைத் தந்தவன், பன்றித் தொடை தந்தவன், இப்போது உண்மையையும் தந்துவிட்டான் என்று ஊருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்து அவனைத் தழுவிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் விலகி வழிவிட்டு, இனி ராதோயேயின் முறை என்பதுபோல் அவனைப் பார்த்தார்கள்.

ராதோயே அருகில் வந்தான். தழுவவில்லை.

"வா," என்றான். "தூக்கணும்."

சமையலறையில் மிலூனின் பாதங்கள் தரையைவிட்டுக் கழன்றிருந்தன. மீசையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ராதோயே கதவைப் பிடித்துக்கொண்டான். உருகுவான் என்று அவன் நினைத்திருக்கவில்லை. எதிர் நடைபாதையில் நின்ற அத்தனை மாலைகளிலும் ஒப்ராத்தின் நடுக்கத்தைப் பார்க்கச் செலவழித்த நேரம் முழுவதும் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று அவனுக்கு அப்போது தோன்றியது. அவன் தம்பியைப் பின்னால் சாய்த்து, அன்று தொடவிடாத அந்தத் தலையைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டான்.

"காலைப் பிடி," என்றான் ஒப்ராத்திடம்.

ரூஷா கையுறைகளை எடுத்து நீட்டினாள். ராதோயே அவளைப் பார்த்தான். அவள் அவற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

ஒப்ராத் வெறுங்கையால் அந்தப் பாதங்களைப் பிடித்தான். ஆகஸ்டு வெயிலில், பிரதான வீதி வழியாக, கசாப்புக் கடையைத் தாண்டி, ஆலைக் கேட்டைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் அவனைத் தூக்கிப்போனார்கள். உதவிக்கு வந்தவர்களை ராதோயே தலையசைத்து விலக்கினான். தலைப்பக்கம் நீர் சொட்டச்சொட்ட ராதோயேயின் சட்டை நனைந்தது, அந்த நீர் வெதுவெதுப்பாக இருந்தது. கால்பக்கம் மட்டும் கொஞ்சமும் உருகவில்லை. ஒப்ராத்தின் உள்ளங்கை பனியோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் வெளுத்தன, பிறகு நீலமாயின, பிறகு கறுத்தன. பாதி வழியில் அவன் நின்று, கொஞ்சம் கீழே வைக்கலாமா என்று கேட்டான்.

"அன்னைக்கு அவன் உட்காரல," என்றான் ராதோயே.

அதற்குப் பிறகு ஒப்ராத் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வழி நெடுக அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவன் மிலூனின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான்; தலையைத் தாங்கிப் பின்னோக்கி நடந்த ராதோயேக்கு அது கேட்கவில்லை, உதடு மன்னிப்புக் கேட்பது மட்டும் தெரிந்தது. குழிக்கருகே வந்தபோது மிலூனின் உதடுகள் உருகித் திறந்திருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இறக்கி வைத்தபோது ஒப்ராத்தின் கைத்தோல் அந்தக் கணுக்கால்களில் இரண்டு கையுறைகள்போல் தங்கிவிட்டது. அப்படியே மூடினார்கள். இந்தமுறை காவ்ரிலோ பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

மருத்துவமனையில் ஒப்ராத்தின் விரல்களை எடுத்துவிட்டார்கள். ஊர் அவனுக்காக இரக்கப்பட்டது, பெண்கள் முறைவைத்துச் சூப் கொண்டுபோய் ஊட்டினார்கள், ராதோயேயைக் கண்டால் வீதியில் மறுபக்கம் ஒதுங்கினார்கள். வெண்ணெய் வைக்க இடமில்லாமல் போனதற்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினார்கள். ரூஷா கசாப்புக் கடையைத் தானே நடத்தினாள். வாரத்துக்கு ஒருமுறை ராதோயே வந்து எலும்பு வாங்கிப்போவான், இருவரும் விலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. ஒப்ராத் சில வருடம் கழித்துத் தூக்கத்தில் இறந்தான். அடக்கத்துக்கு ஊரே திரண்டது. ராதோயே அன்று ஆலையில் கூடுதல் நேரம் வேலை பார்த்தான்.

அவன் வெகுகாலம் வாழ்ந்தான். ஊதுலை மூடி, ஆலையில் பாதி பாழான பிறகு, நுரையீரலில் புகையோடு அவன் படுத்துவிட்டபோது, குனிந்து நடக்கும் கிழவராகிவிட்ட காவ்ரிலோ சாகப்போகிறவர்களுக்கு ஊட்டும் கடைசி நன்மையை, திராட்சைரசத்தில் நனைத்த புனித அப்பத்தை, கொடுக்க வந்தார். வழக்கப்படி பாவங்களைக் கேட்டார், ராதோயே சொன்னான். பிறகு அவர் ஒப்ராத்தை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். மன்னிக்காதவனுக்கு நன்மை கொடுக்க முடியாது என்பதையும் சொன்னார்.

"அவன் என்கிட்ட கேக்கவே இல்லையே, ஃபாதர்," என்றான் ராதோயே. "போற வழியெல்லாம் மிலூன்கிட்ட கேட்டான். மிலூன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. எனக்கும் அவனுக்கும் இருக்கிறது இன்னும் முடியல. அங்க போய்ப் பாத்துக்கிறேன்."

காவ்ரிலோ மறுபடி கேட்டுப் பார்த்தார். ராதோயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் எழுந்து வாசல்வரை போனார், மேலங்கியைக்கூட மாட்டினார். சாட்சி யார் என்று தான் ஒருகாலத்தில் கேட்டது அவருக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ, அங்கேயே நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, நன்மைக் கிண்ணத்தைத் திறந்து, அதைக் கரண்டியில் எடுத்து, "வாயைத் திற," என்றார்.